அரணையும் அரக்கனும்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, பழைய ஆசிரியர்களையும் விளையாட்டு மைதானத்தையும் பற்றி யாம் எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவற்றை எம்மினும் திறம்பட எழுதவல்ல நண்பர் பலர் உளர். ஆதலின் யாம் ஒரு பல்லியைப் பற்றி எழுதத் துணிந்தோம். விழாப் பந்தலிற் பல்லிக்கு என்ன வேலை என வினவும் அன்பர்கள் சிறிது பொறுத்தருள்வார்களாக.

அரணை கடித்தால் மரணம் என்பது எம்மவரிடையே வழங்கும் பழமொழி. கறிச்சட்டியில் வீட்டுப் பல்லி விழுந்துவிட்டால், நஞ்சு கலந்துவிட்டதென்று அஞ்சுவோர் இன்றும் உளர். உண்மையில் அரணைக்கும் நஞ்சில்லை, வீட்டுப் பல்லிக்கும் நஞ்சில்லை. அவ்வுணவைக் கொட்டிவிடுதல் சுகாதாரத்துக்கு ஏற்றதேயாயினும், அதற்குக் காரணம் நஞ்சன்று.

கடித்து மனிதரை வருத்தவல்ல நச்சுப் பல்லியொன்று ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிக்கோவின் வடமேற்கிலும் உள்ள பாலை நிலங்களில் வாழ்கின்றது. அரிசோனா மாநிலத்தினூடு ஓடும் ஹீலா என்னும் ஆற்றின் பெயரால் அதனை 'ஹீலா அரக்கன்' என அழைப்பர். 1869ஆம் ஆண்டில் எட்வேட் கோப் என்னும் விலங்கியலறிஞர், அதன் பற்களிலுள்ள பள்ளங்களைக் கண்டு நஞ்சுடையதோ என ஐயுற்று, 'ஐயத்துக்குரியது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை அதன் பெயரிற் சேர்த்தார். ஏறக்குறைய அரை மீற்றர் நீளமும், மணி கோத்தாற் போன்ற கருமையும் செம்மையும் கலந்த தோலும் உடையது அது. உண்ட உணவின் கொழுப்பை வாலிற் சேமித்து, ஆண்டுக்குச் சிலமுறை மட்டும் இரைகொண்டே உயிர் வாழவல்லது. பாம்புக்கு நச்சுச் சுரப்பி மேற்றாடையில் உளது, இதற்கோ கீழ்த்தாடையில். கடித்த இடத்தை விடாது பற்றி மெல்லும்போது, பற்பள்ளங்களின் வழியே நஞ்சு ஊறிச் செல்லும். நோவு பொறுத்தற்கரியது. அதனால் இறந்தோர் மிகச் சிலரேயெனினும், 2024ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்தில், வீட்டில் வளர்த்த ஹீலாப் பல்லி கடித்துச் சில நாட்களில் ஒருவர் மாண்டார்.

இனி எமது வீட்டுக் கதைக்கு வருவோம். தோட்டக் காணியும் நாற்சார் வீடும் முதுசொமாய் வந்தவாறே, சலரோகம் என ஊரார் வழங்கும் நீரிழிவும் எமது குடும்பத்துக்கு முதுசொமாய் வந்தது. எம் அன்னையார் அதனாற் கண்ணொளி இழந்தார். தமையனார் காலில் தைத்த சிறு முள் ஆறாப் புண்ணாகி, ஈற்றில் இடக்காலை முழங்காலின்கீழ் வெட்டவேண்டியதாயிற்று. யாமும் நாள்தோறும் ஊசி ஏற்றியே வாழ்கின்றோம். தந்தையார் பட்ட துன்பத்தைக் கண்டு மருத்துவம் பயின்ற எம் பெறாமகள், விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒருநாள், "சித்தப்பா, ஒரு பல்லியின் வாயூறலிலிருந்தும் சலரோகத்துக்கு மருந்து கண்டிருக்கிறார்கள்" என்றாள். அவள் விளக்கியவற்றையும் பின்னர் யாம் படித்தறிந்தவற்றையும் சுருங்கக் கூறுவோம்.

நாம் உண்டவுடன் எமது குடலில் ஜீ.எல்.பி.-1 என்னும் ஓமோன் சுரக்கின்றது. குருதியிற் சீனி மிகுந்துள்ளபோது இன்சுலினைச் சுரக்குமாறு அது சதையியைத் தூண்டும். ஆயினும் இரண்டொரு நிமிடங்களில் ஒரு நொதியம் அதனை அறுத்துவிடும். அதனால் அதனை அப்படியே மருந்தாக்குதல் இயலாதிருந்தது.

நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியிலுள்ள முன்னாட் படைவீரர் மருத்துவமனையில் ஜோன் எங் என்னும் மருத்துவர் ஆராய்ச்சி செய்துவந்தார். ஓமோன்களை அளவிடும் முறையை வகுத்தமைக்காக 1977இல் நோபல் பரிசு பெற்ற றொசலின் யாலோ அம்மையார் பணியாற்றிய இடமும் அதுவே. ஜோன் எங் நீரிழிவுக்கு மருந்து தேடிப் புறப்பட்டவரல்லர்; இதுவரை அறியப்படாத ஓமோன்களைத் தேடுதலே அவர் பணி. சில நஞ்சுகள் சதையியைத் தாக்குகின்றன என முன்னையோர் கண்டிருந்ததை மனத்திற்கொண்டு ஹீலாப் பல்லியின் நஞ்சை ஆராய்ந்தார். 1992இல் அவரும் துணைவரும் அதிலிருந்து எக்செண்டின்-4 என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். 39 அமினோவமில மணிகள் கோத்த மாலை அது. ஏறக்குறையப் பாதி எமது குடலோமோனை ஒத்தது. ஆனால் இரண்டாம் மணி வேறு. எமது மாலையில் அவ்விடத்தில் அலனின். பல்லியின் மாலையில் கிளைசின். அந்நொதியம் அறுக்கும் இடம் அதுவேயாதலின், இம்மாலை எளிதில் அறுபடாது பல மணிநேரம் குருதியிற் செயற்படுகின்றது.

அவர் பணியாற்றிய திணைக்களம் ஆக்கவுரிமை கோர முன்வரவில்லை. 1993இல் அவர் தாமே விண்ணப்பித்தார். 1996இல் ஒரு மருந்துக் கொம்பனி உரிமையைப் பெற்றது. 2005 ஏப்பிரலில் 'எக்செனடைட்' என்னும் மருந்து ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அவ்வகை மருந்துகளில் அனுமதி பெற்ற முதலாவது அதுவே.

இங்கு ஒரு எச்சரிக்கை கூறுதல் எம் கடன். அம்மருந்து செயற்கையாக ஆக்கப்படுவது. பல்லியின் நஞ்சைக் கறந்து ஊசியில் நிரப்புவாரில்லை. குமட்டலும் வாந்தியும் அதனால் உண்டாதல் உண்டு. இன்சுலினே சுரவாத நோயாளருக்கு அது இன்சுலினுக்கு ஈடாகாது. பின்வந்த செமகுளுடைட் முதலியன மனித ஓமோனைப் பின்பற்றி ஆக்கப்பட்டவை. உடும்பிறைச்சி பிணி தீர்க்கும் என்று வேட்டைக்குச் செல்வோர் இக்கட்டுரையைத் தமக்குச் சான்றாகக் கொள்ளற்க.

எம்மை மிகவும் சிந்திக்கவைத்தது வேறொன்று. ஹீலாப் பல்லியின் மூச்சே நஞ்சென்று ஒருகாலத்தில் மக்கள் நம்பினர். கண்ட இடத்திற் கொன்றனர். 1952இல் அரிசோனா மாநிலம் அதனைச் சட்டத்தாற் காத்தது. நச்சு விலங்கொன்றுக்கு அந்நாட்டில் அத்தகைய காவல் கிடைத்தது அதுவே முதன்முறை. அதன் வாயில் மருந்திருப்பதை அன்று எவரும் அறியார். நாற்பது ஆண்டுகள் கழிந்தே அது தெரியவந்தது. பயன் தெரிந்த பின்னரே காப்போம் என்று இருந்திருப்பின், காப்பதற்கு எதுவும் எஞ்சாதிருந்திருக்கலாம்.

இம்மலரை வாசிக்கும் மாணவத் தம்பிகாள்! "இது சோதனைக்கு வருமா?" என்னும் ஒரே வினாவுடன் ஆய்வுகூடத்துட் புகாதீர்கள். "இதனுள் என்ன இருக்கின்றது?" எனவும் வினவுங்கள். எம் தமையனாரின் காலை மீட்டுத் தர எந்த மருந்தாலும் இயலாது. இனிவரும் தமையன்மாரின் கால்களைக் காக்கும் மருந்துக்கு வழிகாண்பவன், நம் கல்லூரியின் வாங்கொன்றில் இன்று அமர்ந்திருப்பவனாகவும் இருத்தல் கூடும். அவனை ஈன்றெடுக்கும் பேறு பெற்றுக் கல்லூரித் தாய் நீடு வாழ்க!