பந்தைத் திருப்பித் தந்த தலைவர்

சீசனின் முதல் ஆட்டத்தில், மழைக்காலம் முழுவதும் பந்தைத் தொடாத கைகள் அளவு தவறி வீசுவதும், தலைவர் உடனே ஆளை மாற்றுவதும் அமெச்சூர் அணிகளில், அதாவது ஊதியமின்றி விருப்பத்துக்காக ஆடும் அணிகளில், வழக்கமே.

ஜாகீர்தார்களின், அதாவது நிஜாமிடம் நிலமானியம் பெற்றோரின், பிள்ளைகளுக்காக 1923இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூல் ஆகிய பேகம்பேட் பள்ளியின் அணியில் சுழற்பந்து வீசிய சத்யா நாதெள்ளா, தம் 'ஹிட் ரிஃப்ரெஷ்' (2017) நூலில் வேறொரு தலைவரைக் காட்டுகிறார்: சரியாக வீசாத நாதெள்ளாவிடமிருந்து பந்தை வாங்கித் தாமே வீசி விக்கெட் எடுத்த அத்தலைவர், அடுத்து அவரிடமே பந்தைத் திருப்பித் தந்தார்.

தோற்பதைவிட ஓரங்கட்டப்படுவதால்தான் அமெச்சூர் ஆட்டக்காரர் அடுத்த ஞாயிறு வராமல் போகிறார் என்பதைச் சீசன் தொடங்கும் தலைவர்கள் கவனிக்க வேண்டும்.