நாடாவில் உள்ள முகம்

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் திருமணம் முடித்தவர்களின் இல்லங்களில், பீரோவின் மேல்தட்டில், முகூர்த்தப் பட்டுக்கு அருகில், கறுப்பு வீடியோ கேசட் ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதை ஓட்டிப் பார்க்கும் கருவிதான் இன்று இல்லை. ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் அறிமுகப்படுத்திய வி.எச்.எஸ். முறையின் பதிவுக் கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் அத்தயாரிப்பை நிறுத்திவிட்டது. எனவே கேசட்டைக் கணினிக்கு மாற்றித் தரும் கடைகளை நம் மக்கள் தேடிச் செல்கின்றனர். கடைக்காரரும் மாற்றித் தருகிறார். ஆனால் கொண்டுவந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது முகம் இருக்க வேண்டிய இடத்தில் சில கட்டங்களே தெரிகின்றன. "பழைய கேசட் அல்லவா, இவ்வளவுதான் வரும்" என்ற பதிலோடு பலர் வீடு திரும்புகின்றனர். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை என்பதையே இங்கு எழுத விரும்புகிறோம்.

நம் பங்கில் ஒரு விதவைத் தாய். கணவர் லாரி ஓட்டுநர். நாமக்கல் பகுதியில் இத்தகைய குடும்பங்களுக்குக் குறைவில்லை. மாதத்தில் நான்கு நாள் வீட்டிலும் மற்ற நாள்களில் வடநாட்டுச் சாலைகளிலும் வாழ்ந்த அம்மனிதர் ஒரு சாலையிலேயே இறந்துபோனார். திருமண ஆல்பம் ஓர் ஐப்பசி மழையில் நனைந்து ஏடுகள் ஒட்டிப் பாழாயிற்று. ஓட்டுநர் உரிமத்தில் இருந்த முத்திரையளவுப் படம் தவிர, அவருடைய இளமை முகம் இருந்தது அந்தக் கேசட்டில் மட்டுமே. சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்பதே அத்தாயின் விருப்பம். கடையில் மாற்றிக் கொடுத்த கோப்பை நம்மிடம் கொண்டுவந்தார். அதன் அளவு அகலத்தில் 320 படப்புள்ளிகள், உயரத்தில் 240. திரையின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு அவர் முகம் என்று கொண்டால், ஒரு மனிதனின் முகம் முழுவதும் 32 புள்ளிகளுக்குள் அடங்கிவிட்டது.

கேசட்டில் உண்மையில் என்ன இருக்கிறது? நம் நாட்டில் 1982-இல் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது வழங்கிய 'பால்' முறையில் ஒரு படம் 625 கோடுகளால் ஆனது. அவற்றுள் காட்சியைத் தாங்குபவை 576. நொடிக்கு 25 முழுப்படங்கள். ஆயினும் ஒவ்வொரு முழுப்படமும் ஒரே மூச்சில் வருவதில்லை. முதலில் ஒன்றுவிட்டு ஒரு கோடாக 288, அடுத்த ஐம்பதில் ஒரு நொடியில் இடைவெளிகளை நிரப்பும் மற்ற 288. இளம்பிள்ளைத் தறியில் நெய்த துணியில் ஊடை நூல்களை ஒன்றுவிட்டு ஒன்றாக உருவிவிட்டால் என்ன மிஞ்சுமோ, அதுவே 240 அல்லது 288 கோடுகளாகச் சுருக்கிப் பிடித்த படத்திலும் மிஞ்சுகிறது. கேப்சர் கார்டு இரண்டு அரைப்படங்களில் ஒன்றை எறிந்துவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்வது இப்படித்தான்.

அட்டை ஏன் அப்படிச் செய்கிறது? குற்றம் பெரும்பாலும் அட்டையில் இல்லை. படமென்பொருள் தானாக எந்த அளவையும் கேட்பதில்லை. அட்டையின் இயக்கி மென்பொருள் நீட்டும் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்கிறது. யாரும் மாற்றாவிட்டால், பட்டியலின் சிறிய அளவே நின்றுவிடுவதுண்டு. அமைப்புகளில் வெளியீட்டு அளவு என்ற இடத்தில் 720க்கு 576 என்று நாமே குறித்தாக வேண்டும். சில மென்பொருள்களில் முன்னோட்டச் சாளரம் திறந்திருக்கும்வரை அந்த இடம் மங்கிக் கிடக்கும்; சாளரத்தை மூடினால்தான் கை வைக்க முடியும். வேறு சில, நிழற்படம் எடுக்கும் பொத்தானை அழுத்தினால் அந்தச் சிறு முன்னோட்டத்தையே படமாகச் சேமித்துவிடும். ஆதலால் முழு அளவில் காட்சியைப் பதிந்துகொண்டு, பின்னர் அதிலிருந்து வேண்டிய படத்தைப் பிரித்தெடுப்பதே நல்லது.

பட்டியலில் 576 என்ற எண்ணே காணவில்லை என்றால் வேறொன்றைச் சந்தேகிக்க வேண்டும். அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறைக்கு 525 கோடுகள். காட்சிக்கு ஏறத்தாழ 480. அட்டை அந்த முறையில் அமைந்திருந்தால், நம்மூர்க் கேசட்டின் முழு உயரத்தை அது அறியவே அறியாது. படம் உருளும், அல்லது நிறமிழந்து வரும். அமைப்பைப் 'பால் பி' என்று மாற்றிய கணமே 576 பட்டியலில் தோன்றும்.

மூன்றாவது தடை கம்பியில் இருக்கிறது. 720 புள்ளிகள், 576 கோடுகள், நொடிக்கு 25 படங்கள், புள்ளிக்கு 2 பைட்டுகள். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 2 கோடியே 7 லட்சம் பைட்டுகளுக்கு மேல். பழைய யு.எஸ்.பி. 1.1 வாயிலின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட், அதாவது 15 லட்சம் பைட்டுகள். கிணற்று நீர் முழுவதையும் ஊசித் துளை வழியே இறைக்கச் சொல்வது போலாகும். எனவே இயக்கி ஓசையின்றிச் சிறிய அளவுக்கு இறங்கிவிடுகிறது. நொடிக்கு 480 மெகாபிட் தாங்கும் யு.எஸ்.பி. 2.0 வாயிலில், இடையில் வேறு கருவிகள் பங்குபோடும் பெட்டி எதுவுமின்றி, நேரடியாகச் செருக வேண்டும். பங்கு இல்லத்தில் மறைக்கல்வி வகுப்புக்காக வாங்கிய பழைய வி.சி.ஆர். இன்னும் ஓடுகிறது. அதனோடு இளைஞர் ஒருவர் கொணர்ந்த அட்டையை இணைத்து, வாயிலையும் முறையையும் அளவையும் சரிசெய்தபோது, அந்த மணமகனின் முகம் 32-லிருந்து 72 புள்ளிகளாக விரிந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை. 72 புள்ளிகள் கிடைத்ததனால் 72 புள்ளிக்குரிய நுணுக்கம் கிடைத்துவிட்டதாக எண்ணலாகாது. வி.எச்.எஸ். நாடாவின் குறுக்குவாட்டுத் தெளிவு ஏறத்தாழ 240 கோடுகள்தான். நிறத்தின் தெளிவு அதனினும் மிகக் குறைவு. ஆகவேதான் அந்நாடாவில் சிவப்புச் சேலையின் நிறம் சேலையைத் தாண்டி வழிகிறது. நமக்கு மெய்யாகத் திரும்பக் கிடைத்தது செங்குத்துவாட்டில் இழந்த கோடுகளே. பெட்டியின் மேல் '4கே' என்று அச்சிட்ட அட்டையை வாங்கினாலும், நாடாவில் இல்லாத ஒரு கண்ணிமையையும் அது கொண்டுவராது.

ஆனால் உள்ளதை இன்னும் சற்றுக் கறந்தெடுக்கலாம். மனிதர் அசையும்போது இரு அரைப்படங்களும் இரு வேறு கணங்களைச் சேர்ந்தவை; விளிம்புகள் சீப்புப் பல்லாகக் கிழியும். அசையாதிருக்கும்போது இரண்டும் பொருந்தி முழு 576 கோடுகளும் பயன்படும். ஆகவே மாலை மாற்றும் காட்சியை விட்டுவிட்டு, உறவினர் வரிசையாக வந்து நிற்க மணமக்கள் ஒளிவிளக்குக்கு முன் சிலையாய் அமர்ந்திருந்த நேரத்தைத் தேடினோம். அக்காலத்து வீடியோக்காரர்கள் அந்த இடத்தில் கேமராவைத் தாங்கியில் நிறுத்திவிட்டு ஓய்வெடுப்பது வழக்கம். அவர்களுடைய சோம்பலுக்கு நன்றி. அசைவற்ற 16 படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி கண்டால், மணல்போல் நெளியும் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. 16 படங்கள் என்பது ஒரு நொடிகூட இல்லை. முக்கால் நொடிக்கும் குறைவான அந்த நேரத்தில் அவர் கண் சிமிட்டாதிருந்தார்.

இவ்விடத்தில் மற்றொரு வழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பலர் கேசட்டுகளை வி.சி.டி. வட்டில் ஏற்றிக்கொண்டு மூலத்தை எறிந்துவிட்டனர். வி.சி.டி.யின் அளவு 352க்கு 288. மேலே சொன்ன பாதித் துணியேதான். மாடர்ன் தியேட்டர்ஸின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் சேலத்தாரின் பெருமையாக வண்ணத்தில் வந்த படம். அதனை வட்டில் மட்டும் கண்டவர்கள் அக்காலப் படங்களே மங்கலானவை என்று எண்ணுகின்றனர். திரைப்படச் சுருளில் இருந்த நுணுக்கம் அவ்வட்டுக்குள் வரவேயில்லை. வட்டு கையில் இருக்கிறது என்று கேசட்டை எறிய நினைப்போர் இதை நினைவில் கொள்வார்களாக.

அந்தத் தாயின் மகள் கல்லூரி மாணவி. கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் நாம் எடுத்த படத்தை இட்டு, சில நொடிகளில் மீசையின் மயிரும் பல்வரிசையும் பளிச்சிடும் முகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். பிழையற்ற அழகு. தாய் வெகுநேரம் பார்த்தார்.

"சாமி, நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இது அவரு இல்லீங்க. அவருக்கு இடது புருவம் கொஞ்சம் மேல ஏறி இருக்கும்."

நம் படத்தில் அந்தப் புருவம் மங்கலாக, ஆயினும் ஏறியே இருந்தது. செயலி அதைப் பிழையெனக் கருதி நேராக்கிவிட்டது. ஆயிரமாயிரம் முகங்களிலிருந்து கற்ற கருவி, இல்லாத இடத்தைப் பொதுவான முகத்தால் நிரப்புகிறது. மகள் தன் கைப்பேசியில் அப்படத்தை வைத்துக்கொள்வதை நாம் தடுக்கவில்லை. அவளுக்கு அப்பாவின் இளமையே நினைவில்லை. ஆனால் கோப்பின் பெயரில் 'செயலி வரைந்தது' என்று சேர்க்கச் செய்தோம். பத்தாண்டு கழித்து எது நாடா, எது கற்பனை என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

சுவருக்கு அவர் கேட்டது பெரிய படம். முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் மீண்டும் கட்டங்களே தெரியும் என்பதால், மணமக்கள் இருவரும் அமர்ந்திருக்கும் முழுக் காட்சியை அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுக் கொடுத்தோம். சட்டம் பெரிதாகவும் படம் சிறிதாகவும் மாட்டிக்கொண்டார். கேசட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் காப்பை உடைத்து, எவரும் அதன்மேல் தவறியும் பதியாதபடி செய்து, உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைக்கச் சொன்னோம்.

அதன்பின் அத்தெருவிலிருந்து நான்கு கேசட்டுகள் வந்துள்ளன. மூன்றை மாற்றியாயிற்று. நான்காவதன் நாடாவில் வெண்பூஞ்சை பூத்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் கருவியின் தலைப்பகுதியும் கெட்டு, அடுத்து இடும் கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். அதைத் துடைக்கத் தெரிந்தவரைச் சேலத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.