லீவு, நிலா, மழை... மூணையும் பார்த்துட்டு அண்ணாமலைக்குக் கிளம்புங்க!

செப்டம்பர் வந்தாலே போதும். முதல் இன்டர்னல் முடிஞ்ச சாயங்காலமே கிளாஸ் குரூப்பில் யாராவது ஒருத்தர் பற்ற வைப்பாங்க... 'மச்சி, எங்கயாவது போலாமா?' ஊட்டி, கொடைக்கானல், கோவா என்று எகிறும் பேச்சு, ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டதும் பொத்தென்று தரையில் இறங்கும். அப்போது ஞாபகத்துக்கு வரும் ஊர்களில் ஒன்று திருவண்ணாமலை. சென்னையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர். பஸ் இருக்கு, ரயில் இருக்கு, சுற்றி வர ஒரு மலை இருக்கு. வேறென்ன வேணும்?

தேதி வேணும் பாஸ்! அங்கேதான் பல கேங் சொதப்புது. காலண்டரில் சிவப்பு கலரில் இருக்கும் நாளை மட்டும் பார்த்துட்டு டிக்கெட் போட்டுடறாங்க. திருவண்ணாமலைக்கு அது பத்தாது. லீவு காலண்டர், நிலா காலண்டர், மழை காலண்டர்னு மூணு வேணும். மூணையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பார்த்தால்தான் சரியான நாள் கிடைக்கும்.

பிளான் இல்லாமல் போன ஒருத்தர்

இந்த ஊருக்கு செப்டம்பரில் வந்தவர்களிலேயே ரொம்பப் பிரபலமான ஸ்டூடண்ட் ஒருத்தர் உண்டு. மதுரையில் படித்துக்கொண்டிருந்த 16 வயசு வேங்கடராமன். 1896 ஆகஸ்ட் 29-ம் தேதி, அண்ணனுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை லெட்டரோடு வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். கையில் கிடைத்த பழைய அட்லஸைப் பார்த்து திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் பாதை போட்டாச்சு என்ற விஷயம் அந்த அட்லஸில் இல்லை. ரயிலில் கூட வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது. காசு தீர்ந்து, நடந்து, காதுக் கடுக்கனை அடகு வைத்து, செப்டம்பர் 1-ம் தேதி ஊர் வந்து சேர்ந்தார். அவர்தான் ரமண மகரிஷி. அதற்கப்புறம் 1950-ல் மறையும் வரை இந்த ஊரை விட்டுப் போகவேயில்லை.

அவருக்குத் திரும்பி வர வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்கு திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஹவர் அட்டெண்டன்ஸ் இருக்கு. அதனால் பிளான் பண்ணித்தான் ஆகணும்!

முதலில் நிலா

மலையைச் சுற்றும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமி ராத்திரியில் இந்தப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனம் நடக்கும். அந்த நாளில் ரூம் வாடகை எகிறும், ஆட்டோ ரேட் எகிறும், திரும்பி வர பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். அந்தக் கூட்டத்தில் ஒருத்தராகக் கலந்து நடப்பது ஒரு தனி அனுபவம்தான். அதுக்குத்தான் போறீங்கன்னா தாராளமாகப் போங்க. ஆனால் தெரிந்து போங்க. தெரியாமல் போய் மாட்டிக்காதீங்க.

இன்னொரு விஷயம். பௌர்ணமி திதி பெரும்பாலும் இரண்டு தேதிகளில் பரவி நிற்கும். 2025 அக்டோபரில், 6-ம் தேதி மதியம் தொடங்கி 7-ம் தேதி காலையில் முடிந்தது. கூட்டம் நடந்தது 6-ம் தேதி ராத்திரி. காலண்டரில் ஒரே ஒரு தேதியைப் பார்த்து, 'அப்போ முதல் நாள் காலியாக இருக்கும்' என்று கணக்குப் போட்டால் நேராகக் கூட்டத்தின் நடுவில் போய் இறங்குவீங்க. திதி எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு என்று பாருங்க.

அப்புறம் லீவு

இப்போ ஒரு சின்ன கணக்கு. நம்ம பண்டிகைகளில் பலவும் நிலாவைப் பார்த்துத்தான் வருது. விநாயகர் சதுர்த்தி, அமாவாசை கழிந்த நாலாம் நாள். அதிலிருந்து பௌர்ணமிக்கு இன்னும் 10, 11 நாள் இருக்கும். கிருஷ்ண ஜெயந்தி, பௌர்ணமி போய் ஒரு வாரம் கழித்து. மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி ஆரம்பம். ஒன்பதாம் நாள் ஆயுத பூஜை, பத்தாம் நாள் விஜயதசமி. பௌர்ணமிக்கு அதற்கப்புறமும் நாலைந்து நாள் பாக்கி. தீபாவளியோ அமாவாசையை ஒட்டி. ஆக, இந்த லீவு எதுவும் எந்த வருஷமும் பௌர்ணமியில் விழாது. யாரும் சொல்லித் தராத சூப்பர் ஷார்ட்கட் இது.

விதிவிலக்கு மிலாடி நபி. பிறை தெரிந்து பன்னிரண்டாம் நாள் என்பதால் அது பௌர்ணமியை உரசிக்கொண்டே வரும். 2024-ல் செப்டம்பர் 17 மிலாடி நபி லீவு. அன்று ராத்திரியே பௌர்ணமி. 2025-ல் செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை லீவு, 7 ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. மூணு நாள் சேர்ந்தாப்போல் லீவு ப்ளஸ் பௌர்ணமி என்றால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசிச்சுக்குங்க. மிலாடி நபி வருஷத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதால், மாதம் மாறிக்கொண்டே இருக்கும். காந்தி ஜெயந்தி மட்டும் எப்பவும் அக்டோபர் 2. நிலா அன்றைக்கு எங்கே இருக்கும் என்று அந்தந்த வருஷம்தான் பார்க்கணும்.

நம்ம ஓட்டு ஆயுத பூஜை லீவுக்கு. நவமி நிலா பாதிக்கு மேல் வளர்ந்து, சாயங்காலமே வானத்தில் நிற்கும். நள்ளிரவு வரைக்கும் வெளிச்சம் தரும். பௌர்ணமிக் கூட்டம் இருக்காது. கோயிலில் நவராத்திரி அலங்காரம் வேற. ஒரே சிக்கல், அந்த நாட்களில் ஊருக்குப் போகிற ஜனத்தால் சென்னை பஸ்கள் பிதுங்கும். ரயில் ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடியே திறக்கும். ஆகஸ்டிலேயே முடிவு பண்ணினால்தான் சீட். புரட்டாசி என்பதால் இந்த ஊர் வழியாகத் திருப்பதி போகும் ரயில்களில் கோவிந்தா கூட்டமும் இருக்கும். ஆயுத பூஜை அன்று சின்னச் சின்ன மெஸ் சில மூடியிருக்கலாம், அதையும் மனசில் வெச்சுக்குங்க.

சனி, ஞாயிறு என்றாலும் இப்போதெல்லாம் ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வருகிறவர்களால் தரிசன க்யூ நீளம்தான். உங்க காலேஜில் மட்டும் விட்ட லோக்கல் லீவு வார நாளில் வந்தால் விடாதீங்க. அதுதான் ஜாக்பாட்!

கடைசியில் மழை... ஆனால் கடைசி முடிவு அதோடதுதான்

நம்ம பக்கம் செப்டம்பரில் இலை பழுத்து உதிராது. நமக்கு ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். பெயரிலேயே வானிலை அறிக்கை இருக்கு.

இரண்டும் ஒரே மாதிரி மழை இல்லை. செப்டம்பர், அக்டோபர் தொடக்கத்தில் பெய்வது வெப்பச்சலன மழை. பகல் முழுக்க தரை கொதிக்கும். சூடான காற்று மேலே ஏறி, மேகம் கட்டி, சாயங்காலமோ ராத்திரியோ இடியோடு கொட்டும். காலையில் பளிச்சென்று வானம். அதனால் இந்தச் சீசனில் கிரிவலத்துக்கு விடிகாலை 4 மணிதான் பெஸ்ட். ராஜகோபுரத்தில் ஆரம்பித்து, மலையை வலது கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்களும் வரிசையாக வரும். நாலைந்து மணி நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். வெறும் காலோடு நடக்கிறவர்கள் தார் ரோடு சுடுவதற்குள் டிபனுக்கு உட்கார்ந்திடலாம்!

அக்டோபர் மூன்றாவது வாரத்தை ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கும். 2025-ல் அக்டோபர் 16-ம் தேதியே தொடங்கிவிட்டது. இது வேற ஆட்டம். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் போதும், காலை, மாலை கணக்கில்லாமல் நாள் கணக்கில் பெய்யும்.

'கடலுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்டால், 2024-ஐ நினைத்துப் பாருங்க. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்தது. கடந்ததும் கலையவில்லை. அங்கேயே நின்று பெய்துவிட்டு மெதுவாக மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலையில் கொட்டிய மழையில், மலைச் சரிவில் மண் இளகி, பாறைகளோடு கீழே வந்தது. அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் சிறுவர் சிறுமியர். அடுத்த 12-வது நாள் கார்த்திகை தீபம். வல்லுநர் குழு மலையை ஆய்வு செய்தபின், அந்த வருஷம் பக்தர்கள் மலை ஏற அனுமதிக்கப்படவில்லை. தீபம் ஏற்றும் பணியில் இருந்தவர்கள் மட்டும் ஏறினார்கள்.

நாம் தூரத்திலிருந்து பார்த்து 'வாவ்' சொல்கிற அந்த 2,668 அடி மலை, அடிவாரத்தில் இருக்கிறவங்களுக்கு வீட்டுக் கொல்லைப்புறம். ஈரமான சரிவில் உங்க கால் தட்டி உருளும் ஒரு கல், கீழே யார் வீட்டுக் கூரைக்குப் போகும் என்று மேலிருந்து தெரியாது. மலை வனத்துறை பாதுகாப்பில் இருக்கு. அனுமதி இல்லாமல் உச்சிக்கு ஏறக் கூடாது. 'அந்தப் பக்கமா ஒரு ஒத்தையடிப் பாதை இருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்' என்று யாராவது வந்தால் ஒரு கும்பிடு போட்டு நகருங்க.

மலையில் கால் வைத்தே ஆகணும் என்றால் ரமணாசிரமத்தின் பின்புறத்திலிருந்து ஸ்கந்தாசிரமம் போகும் கற்பாதை இருக்கு. 1916 முதல் 1922 வரை ரமணர் இருந்த இடம் அது. போகும் வழியில் ஒரு திருப்பத்தில் நின்று பார்த்தால் 217 அடி ராஜகோபுரத்தோடு மொத்தக் கோயிலும் சதுரமாக, உள்ளங்கையில் வைத்த மாதிரி தெரியும். காலையிலேயே ஏறி, மேகம் கட்டுவதற்கு முன்னால் இறங்கிடுங்க. இடி சத்தம் கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீங்க, கட்டடத்துக்குள் போங்க. மழை பெய்த மறுநாள் பாதை திறந்திருக்கான்னு கேட்டுட்டுப் போங்க.

இன்னொரு நாள் கையில் இருந்தால் போளூர் வழியாக ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் ஏரியில் படகு, பீமன் மடுவு அருவி, வழியில் மலைத்தேன். மழை பெய்தால்தான் அருவியில் தண்ணீர், ரொம்பப் பெய்தால் அருவிக்குப் பக்கத்தில் போகவே கூடாது. அதனால் இரண்டு நாள் முன்னாடி மழை, போகும் நாளில் வெயில் என்ற காம்பினேஷன்தான் சூப்பர். பஸ் கம்மி. மலைப் பாதையில் சாயங்கால மழையில் மாட்டாமல் இருக்க, மதியம் 3 மணிக்கே இறங்க ஆரம்பிங்க.

வானிலை அறிக்கையைப் படிப்பது எப்படி?

'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர். 'மிக கனமழை' 12 முதல் 20. 'அதி கனமழை' 20-க்கு மேல். மாவட்டத்தின் பெயருக்கு நேராக மஞ்சள் இருந்தால் குடையோடு போகலாம், மலைப் பாதை வேண்டாம். ஆரஞ்சு, சிவப்பு இருந்தால் டிரிப்பே வேண்டாம். பத்து நாள் முன்னாடி ஆப் காட்டும் மேகப் படத்தை நம்பி முடிவு எடுக்காதீங்க. மூணு நாள் முன்னாடி, கிளம்பும் நாள் காலையில் என்று இரண்டு முறை வானிலை மைய அறிவிப்பைப் பாருங்க.

போகிற வழி சிம்பிள். சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து பஸ். ரயில் என்றால், வேலூர் கண்டோன்மென்ட் வரை ஓடிக்கொண்டிருந்த சென்னை கடற்கரை ரயில் 2024 மே மாதத்தில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. செலவு கம்மி. கிளம்பும் முன் அன்றைய நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்குங்க.

குரூப்பில் ஓட்டெடுப்பு வைக்கும்போது ஒரு தேதி போடாதீங்க, இரண்டு போடுங்க. ரூம் புக் பண்ணும்போதே 'தேதி மாற்ற முடியுமா' என்று கேட்டு வெச்சுக்குங்க. முதல் தேதிக்கு சிவப்பு எச்சரிக்கை வந்தால் இரண்டாவது தேதிக்கு மாறிடுங்க. 'லீவு வேஸ்ட்டா போச்சே' என்று யாராவது மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா, அண்ணாமலை எங்கேயும் ஓடிப்போகாதுன்னு சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுங்க!