ஒட்டுப்போட்ட கோட்டு

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கின்றது. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய அப்படக்கூடத்தைப் பற்றிப் பேசுவோர், ‘மந்திரி குமாரி’யையும் (1950) ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ (1956) என்ற வண்ணப்படத்தையும் சொல்லி நிறுத்திக்கொள்வர். 1961இல் அங்கிருந்து வெளிவந்த மலையாளப் படமொன்றை நம் சமுதாயத்தார் மறந்தே போயினர். நமக்கோ அவ்வளைவைக் கடக்கும்போதெல்லாம் அதுவே நினைவில் எழும்.

‘கண்டம் பெச்ச கோட்டு’ என்பது அதன் பெயர். ஒட்டுப்போட்ட கோட்டு என்று பொருள். மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப்படம் அது. முஹம்மது யூசுஃபின் நாடகத்தைக் கே.டி. முஹம்மது திரைக்கெனத் திருத்தி எழுத, சுந்தரமே இயக்கினார். செருப்புத் தைத்துப் பிழைக்கும் மம்மதுக்கா என்னும் முதியவர் ஹஜ்ஜுக்கெனக் காசு சேர்க்கின்றார். சீதனம் இன்றித் தடைபட்டு நிற்கும் ஓர் ஏழைப் பெண்ணின் நிக்காஹுக்கு அக்காசு போய்ச் சேர்கின்றது.

ஷைகு அத்தார் (ரஹ்) அவர்களின் ‘தத்கிரத்துல் அவ்லியா’வைப் படித்தோருக்குத் திமிஷ்க் நகரத்துச் செருப்புத் தைப்பவர் நினைவுக்கு வருவார். ஹஜ்ஜுக்கு வைத்திருந்த பணத்தைப் பசித்த அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டு அவர் ஊரிலேயே இருந்துவிட்டார். போகாத அவருடைய ஹஜ் ஏற்கப்பட்டதென அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்) கனவில் அறிந்தார்கள். அந்தப் பழங்கதையில் அண்டை வீட்டாரை வாட்டியது பசி. 1961இன் கதையில் வாட்டியது மாப்பிள்ளை வீட்டார்.

அதே 1961ஆம் ஆண்டில்தான் வரதட்சணைத் தடைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. வரதட்சணை இன்னதென்று வரையறுக்கும் இடத்திலேயே அச்சட்டம் மஹரைத் தனியே விலக்கி வைத்துள்ளது. தில்லியில் சட்டம் எழுதியோருக்கு விளங்கிய வேறுபாடு நம் வீடுகளுக்கு விளங்காமற் போனது எங்ஙனம்? மஹரை மனமுவந்து பெண்ணுக்குக் கொடுக்கச் சொல்வது அன்னிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம். நம்மவரோ வாங்கும் பக்கம் திரும்பிக்கொண்டு, அதற்குக் ‘கைக்கூலி’ என்று பெயரும் வைத்தனர். அத்தொகையில் விழுக்காடு கணக்கிட்டுப் பள்ளிவாசலுக்கு வாங்கிய ஜமாஅத்துகளும் தமிழ்நாட்டில் இருந்தன. ஐம்பது ஆண்டு குத்பாக்களில் கண்டித்தும் இவ்வழக்கம் முற்றாக ஒழியவில்லை. சொல்பவர் மிம்பரில், கேட்பவர் ஸஃப்பில். பேரம் நடப்பதோ பெண் வீட்டுக் கூடத்தில்.

திரைப்படம் என்றாலே முகஞ்சுளிப்போர் நம்மிடையே பலர். அதில் பாதி நியாயம் உண்டென்பதே நம் கருத்து, மறுபாதி சோம்பல். செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் ஒரு மீனவரின் மகன். மார்செய் துறைமுகத்தில் சரக்கிறக்கும் கூலியாக உழைத்தவர். பிரெஞ்சு மொழியில் நாவல்கள் எழுதிப் பெயர் பெற்ற பின்னரும், தம் மக்களில் மிகப் பலர் அவற்றைப் படிக்க இயலாதவர் என்று கண்டார். நாற்பதை ஒட்டிய வயதில் மாஸ்கோ சென்று படத்தொழில் கற்றார். அவரது கடைசிப் படமான ‘மூலாதே’ (2004), சிறுமியரின் உறுப்பை அறுக்கும் கொடிய வழக்கத்தை எதிர்த்தது. அது மார்க்கக் கடமையன்று என ஒரு தாய் ஊரார் நடுவே நின்று வாதாடுகின்றாள். அவ்வாதத்தை எழுதியவர் ஆலிம் அல்லர் என்பது நம்போன்றோர் சற்று யோசிக்க வேண்டிய செய்தி. அவர் போட்ட பாதையில் இன்று ஆப்பிரிக்க இளைஞர் பலர் நடக்கின்றனர்.

நம்மிடம் ஓதிய பிள்ளை ஒருவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைத் தொழிலாளியின் மகன். கைப்பேசியிலேயே பத்து நிமிடப் படம் ஒன்றை எடுத்து வந்து காட்டினார். மஹர் எவ்வளவு என்று நிக்காஹ் தஃப்தரில் எழுதப்படுகின்றது. அடுத்த அறையில் பெண்ணின் அத்தா நோட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கின்றார். பேச்சு மிகக் குறைவு. பின்னணி இசைதான் காதை அடைத்தது. அதைக் குறைக்கச் சொன்னோம், குறைத்தார்.

“ஹஜ்ரத், தஃப்தரில் ஏறாத தொகையைப் படத்தில் ஏற்றிவிட்டேன்” என்றார்.

ஊர் ஜமாஅத்தார் தங்கள் மண்டபத்தில் அதனைக் காட்ட இசையவில்லை. உறவினர் ஒருவரின் மொட்டை மாடியில் வெள்ளைத் துணி கட்டிப் பெண்களுக்கே முதலில் காட்டினார்கள். பாதியில் இருவர் எழுந்து போயினர். இருவரும் மகன்களுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். மூதாட்டி ஒருவர் மறுமுறை போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, “எண்ணும்போது எங்க வீட்டுக்காரருக்குக் கை நடுங்கிச்சு, இவருக்கு நடுங்கலையே” என்றாராம். அக்காட்சியை மட்டும் அப்பிள்ளை மறுபடி எடுத்துக்கொண்டிருக்கின்றார். இம்முறை பணம் எண்ணுபவராக நடிக்கத் தம் அத்தாவையே கேட்டிருக்கின்றார்; அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.