ரிப்பனில் தங்கிய முகங்கள்

நெல்லைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் நிர்வாகக் கட்டடம். என் பழைய மதிப்பெண் பட்டியலின் நகலுக்காக நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேர் எதிரே ஐடி கார்டு அறை. கதவு திறந்தே கிடந்தது.

முதலாண்டுப் பிள்ளைகளின் வரிசை வராந்தாவைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கியிருந்தது. உள்ளே சுவரில் வெள்ளைத் துணி, அதன் முன்னால் ஒரு ஸ்டூல், மேசையில் கேமரா, கணினி, அட்டை அச்சடிக்கும் சிறு பெட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், ஐம்பதைத் தாண்டியவர். ஆடி மாத வெக்கையிலும் மின்விசிறியை நிறுத்தி வைத்திருந்தார். வெற்று அட்டையில் ஒரு துகள் தூசி ஒட்டினால் போதும், அங்கே சாயம் ஏறாமல் முகத்தில் வெள்ளைப் புள்ளி விழும். வியர்வையைப் புறங்கையால் துடைத்துவிட்டு, அட்டையை விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்தார்.

படம் எடுக்க அரை நிமிடம்தான். பெயருக்குத்தான் நேரம் பிடித்தது.

"பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ட எடும்மா."

பெண் எடுத்துக் கொடுத்தாள். அதில் இருந்ததைவிட விண்ணப்பத்தில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதல்.

"வீட்டுல இப்படித்தான் சார் எழுதுவோம்."

"வீட்டுல எப்படி வேணாலும் எழுதிக்கோம்மா. டிகிரி சர்டிபிகேட்டுல ஒரு எழுத்து மாறிச்சின்னா நீதான அலையணும்?"

திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்றும் கேட்டு, மார்க் ஷீட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் பொத்தானை அழுத்தினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படியே.

அடுத்து ஒரு பையன். ரத்த வகைக்கான கட்டம் காலியாக இருந்தது.

"ஓ பாசிட்டிவா இருக்கும் சார்."

"இருக்குமா, இருக்கா?"

பையன் பேசவில்லை.

"ஹெல்த் சென்டர்ல விரல்ல ஒரு குத்து, அவ்வளவுதான். பாத்துட்டு வா. திரும்ப வரிசையில நிக்காண்டாம், நேரா உள்ள வா."

ஆஸ்பத்திரியில் எப்படியும் மறுபடி சோதித்துத்தான் ரத்தம் ஏற்றுவார்கள். ஆனாலும் ஊகத்தை அச்சடிக்க அவருக்குக் கை வரவில்லை. அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

நான் படித்த காலத்து அட்டை வேறு. மடித்த காகிதத்தில் புகைப்படத்தைப் பசை தடவி ஒட்டி, பாதி படத்திலும் பாதி காகிதத்திலும் விழும்படி முத்திரை குத்துவார்கள். படத்தை மாற்றினால் முத்திரை ஒட்டாமல் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே முத்திரையும் இல்லை, பசையும் இல்லை. 85.6 மில்லிமீட்டர் நீளம், 54 அகலம், முக்கால் மில்லிமீட்டர் கனம். வங்கி அட்டையின் அதே அளவு. பெட்டிக்குள் அது முன்னும் பின்னுமாகப் போய்வரும் சத்தம் கேட்டது. மஞ்சள் ஒருமுறை, மெஜந்தா ஒருமுறை, சயான் ஒருமுறை. சூட்டில் ரிப்பனின் சாயம் ஆவியாகிப் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்குகிறது. பிறகு எழுத்துகளுக்குக் கறுப்பு. கடைசியாக நிறமில்லாத காப்புப் படலம்.

வெளியே வந்த அட்டையை மகளுக்கு முன்னால் ஓர் அப்பா கை நீட்டி வாங்கினார். வேட்டி, தோளில் துண்டு. கையை நீட்டித் தள்ளிவைத்துப் படத்தைப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார். மறுபடி முன்பக்கம்.

"இதக் காட்டுனா உள்ள விட்ருவாவளா சார்?"

"லைப்ரரி, பரீட்ச ஹால், ஹாஸ்டல், எல்லாத்துக்கும் இதாம்யா."

சட்டைப் பைக்குள் வைத்தார். நாலு எட்டு நடந்தவர் எடுத்து மகளிடம் கொடுத்தார். அவள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்வரை நின்று பார்த்தார்.

நான்கரை மணிக்கு வரிசை தீர்ந்தது. அவர் பெட்டியைத் திறந்து தீர்ந்துபோன ரிப்பனை உருவினார். வெளிச்சத்தில் அது நீண்டபோது எனக்குத் தெரிந்தது: ஒவ்வொரு நிறக் கட்டத்திலும் ஒரு முகம், சாயம் போன இடமெல்லாம் வெளிறி, நெகட்டிவ் போல. கறுப்புக் கட்டத்தில் பெயரும் பிறந்த தேதியும் கண்ணாடியாக விட்டுப்போயிருந்தன. அன்று வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தச் சுருளில் இருந்தார்கள்.

அதை அப்படியே குப்பைக் கூடையில் போட்டிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவர் இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, நாற்காலியில் சாய்ந்து, ஒவ்வொரு முகத்தின் குறுக்காகவும் பெயரின் குறுக்காகவும் வெட்டத் தொடங்கினார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். நகலை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோதும் வெட்டிக்கொண்டிருந்தார். மின்விசிறி இப்போது ஓடிக்கொண்டிருந்தது.