ஒன்றரை சென்டிமீட்டர் தாத்தா!

ஒரு சின்ன டெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்... மத்தியானம் ரெண்டு மணி, தெர்மோடைனமிக்ஸ் கிளாஸ். பாதிப் பேர் தூக்கத்துக்கும் முழிப்புக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். தூரத்தில் ஒரு ரயில் ஹாரன் கேட்கிறது. என்ன செய்வீர்கள்?

ஒன்றும் செய்ய மாட்டீர்கள். நான் வாட்ச்சைப் பார்ப்பேன். 'இந்த நேரத்துக்கு என்ன வண்டி? லேட்டா வருதோ?' என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். பக்கத்து சீட் மச்சான் முழங்கையால் இடிப்பான். "டேய், சார் உன்னைத்தான் கேட்கிறாரு!"

ஆமாங்க... எனக்கு ரயில் கிறுக்கு!

எங்க காலேஜில் இந்த மாதிரி கேஸ் மொத்தம் நாலு பேர். வந்தே பாரத் வருது என்றால் மொட்டை வெயிலில் கூடல்நகர் பக்கம் போய் செல்போனும் கையுமாக நிற்கிற கோஷ்டி. இன்ஜின் பெயரைச் சொன்னால் ஜாதகமே சொல்லுவோம். டபிள்யூ.ஏ.பி-7 என்றால்... 'டபிள்யூ' அகலப்பாதை, 'ஏ' என்றால் ஏ.சி. கரன்ட், 'பி' பாசஞ்சர் வண்டி இழுக்க, 7 என்பது மாடல் நம்பர். ஆரம்பத்தில் 'டபிள்யூ'வுக்குப் பதில் 'ஒய்' இருந்தால் அது மீட்டர் கேஜ். என் கதை அந்த 'ஒய்'யில்தான் ஆரம்பிக்கிறது.

மீட்டர் கேஜ் ரயிலில் போயிருக்கிறீர்களா? ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் சரியாக ஒரு மீட்டர்தான் இருக்கும். இப்போது நாம் போகிற அகலப்பாதையில் அது 1,676 மில்லிமீட்டர். இன்றைக்குத் தமிழ்நாட்டில் மீட்டர் கேஜில் ஏற வேண்டும் என்றால் ஊட்டி மலை ரயிலுக்குத்தான் போக வேண்டும். ஆனால், ஒரு காலத்தில் மதுரையைச் சுற்றி எல்லாமே மீட்டர் கேஜ்தான். 1977 ஆகஸ்ட் 15-ம் தேதி ஓட ஆரம்பித்த நம்ம வைகை எக்ஸ்பிரஸே மீட்டர் கேஜ் வண்டிதான் பாஸ்! நாடு முழுக்க ஒரே அகலம் என்று 1992-ல் 'யூனிகேஜ்' திட்டம் வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு பாதையாக மாற, மதுரையில் கடைசி வரைக்கும் தாக்குப்பிடித்தது போடிநாயக்கனூர் பாதை மட்டும்தான்.

சுமார் 90 கிலோமீட்டர். வடபழஞ்சி, செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டி, கணவாய் ஏறி இறங்கினால் ஆண்டிபட்டி. அப்புறம் தேனி, போடி. மேற்கு மலையின் ஏலக்காய்க்குப் பேர்போன ஊருக்கு 1928-ல் வந்த ரயில் அது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் இந்தப் பாதையின் தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் மண்கரைதான் மிச்சம். சுதந்திரம் எல்லாம் வாங்கி, 1950-களில்தான் மறுபடி தண்டவாளம் போட்டார்கள்.

இதெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கும் முன்னாலேயே தாத்தா சொல்லிவிட்டார். ஆண்டிபட்டி என்றால் உங்களுக்கு எலெக்‌ஷன்தான் ஞாபகம் வரும். எனக்குத் தாத்தா ஞாபகம்தான். அம்மாவின் அப்பா. சக்கம்பட்டியில் தறி நெய்தவர். சேலைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த ரயிலில்தான் மதுரைக்கு வருவார். அவர் பிறந்தபோது ஊரில் ரயில் இல்லை. மண்கரையில் ஆடு மேய்ந்ததாம். பத்து வயசு இருக்கும்போதுதான் தண்டவாளம் திரும்பி வந்தது. "ஊரே போயித் தொட்டுப் பார்த்துச்சுய்யா. நான் காதை வெச்சுப் படுத்தேன். எங்கப்பாரு முதுகுலயே ஒண்ணு போட்டாரு" என்று சிரிப்பார்.

என் பங்குக்கு அந்த ரயிலில் எனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... ரொம்பக் கொஞ்சம். பாதை மூடியபோது எனக்கு அஞ்சு வயசு. ஜன்னல் கம்பியைப் பிடித்த கையில் துரு வாசனை. காகிதப் பொட்டலத்தில் வறுத்த கடலை. கணவாய் ஏறும்போது இன்ஜின் போடுகிற முக்கல் சத்தம். அது ஒய்.டி.எம்-4 டீசல் இன்ஜின் என்று பின்னாடிதான் தெரிந்துகொண்டேன். எல்லாவற்றையும்விட, அக்குளுக்கு அடியில் ரெண்டு கை வந்து, தரையிலிருந்து அப்படியே அலேக்காகத் தூக்கி ரயில் கதவுக்குள் வைக்கிற அந்த ஒரு நொடி. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டது.

2010 டிசம்பர் 31-ம் தேதியோடு மீட்டர் கேஜ் நின்றது. அதற்கப்புறம் லீவுக்கு ஆண்டிபட்டி போவதென்றால் பஸ்தான். சாயங்காலம் தாத்தா என்னை ஸ்டேஷன் பக்கம் கூட்டிக்கொண்டு போவார். தண்டவாளம் இல்லாத ஸ்டேஷனைப் பார்த்திருக்கிறீர்களா? கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த வீடு மாதிரி இருக்கும். "எப்ப தாத்தா திரும்ப வரும்?" என்று கேட்பேன். "போன ரயிலு திரும்பி வரும்யா. நான் ஒருக்கா பார்த்துருக்கேன்ல!"

நிதி போதாமல் வேலை இழுத்துக்கொண்டே போனது. நான் மூணாம் கிளாஸ், ஆறாம் கிளாஸ், எட்டாம் கிளாஸ் என்று ஏறிக்கொண்டே போனேன். கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டேன். கையில் செல்போன் வந்துவிட்டதே! 2019 ஐப்பசியில் தாத்தா இறந்துபோனார். அடுத்த ஜனவரியில் மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் அகலப்பாதை சோதனை ஓட்டம். மூணு மாசம்கூட இடைவெளி இல்லை.

2022 மே 27-ம் தேதி தேனி வரைக்கும் பயணிகள் ரயில் ஓட ஆரம்பித்தது. எனக்குப் பிளஸ் ஒன் பரீட்சை நேரம், முதல் நாள் போக முடியவில்லை. முடிந்த கையோடு ஓடினேன். மதுரை ஜங்ஷனில் பிளாட்பாரத்திலிருந்து ஒரே எட்டு, வண்டிக்குள் இருந்தேன். உசிலம்பட்டி தாண்டியதும் கதவோரம் போய் நின்றுகொண்டேன், கணவாயில் அந்த முக்கல் சத்தத்துக்காக. ம்ஹூம். வண்டி பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனது. ரெண்டு பக்கமும் வெட்டின பாறை, தூரத்தில் காத்தாடிகள்... 'ஆண்டிபட்டி வந்துருச்சு, இறங்குப்பா' என்றார் பக்கத்தில் இருந்தவர்.

தப்பாக நினைக்காதீர்கள். எனக்குப் புது ரயில் மேல் கோபம் எல்லாம் இல்லை. பஸ்ஸில் இடிபட்டு வந்த ஜனங்களுக்கு இது வரம். 2023 ஜூன் 15-ம் தேதி போடி வரைக்கும் வந்துவிட்டது, சென்னைக்கே நேராக ரயில் இருக்கிறது. பழையதுதான் உசத்தி என்று பேசுகிறவர்கள் யாரும் அதில் நின்றுகொண்டு போனதில்லை என்பது என் சந்தேகம்! ஆனாலும், அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஒன்று தோன்றியது. அந்தப் பழைய ஸ்டேஷனை நானே கட்டினால் என்ன?

மாடல் ரயில் என்பது காஸ்ட்லி விளையாட்டு. உலகத்தில் நிறையப் பேர் வைத்திருப்பது 'ஹெச்.ஓ.' ஸ்கேல். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1,435 வரும். அது வெளிநாட்டு அகலம். நம்ம அகலப்பாதையும் இல்லை, மீட்டர் கேஜும் இல்லை! ரெண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டபோது ஐடியா வந்தது. 'என்' கேஜ் என்று 9 மில்லிமீட்டர் தண்டவாளம் விற்கிறது. மீட்டர் கேஜுக்கு 1,000 மில்லிமீட்டர். 1,000-ஐ 9-ஆல் வகுத்தால் 111. ஆக, தோராயமாக 110-ல் ஒரு பங்கு என்று வைத்து எல்லாவற்றையும் செய்தால், என் தண்டவாளம் அச்சு அசல் மீட்டர் கேஜ்! இன்ஜினீயரிங் படிப்பு முதல்முறையாக உருப்படியாக உதவிய நாள் அது.

அந்தக் கணக்கில் மதுரை - போடி முழுப் பாதையையும் செய்தால் 800 மீட்டருக்கு மேல் போகும். என் ரூம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதிலும் பாதியில் அம்மாவின் பீரோ. அதனால் ஒரே ஒரு ஸ்டேஷன் மட்டும். தெர்மாகோல், அட்டை, ஐஸ் குச்சி, ஃபெவிகால். வீடு கட்டுகிற இடத்திலிருந்து மணல் எடுத்து வந்து டீ வடிகட்டியில் சலித்தால் ஜல்லி ரெடி. தந்திக் கம்பிக்கு மட்டும் தாத்தாவின் தறியில் மிச்சமிருந்த பாவு நூல்.

ஆறு மாசம் கழித்து, ஊரிலிருந்து அம்மாச்சி வந்திருந்தபோது பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தது.

"நல்லாருக்குய்யா. ஆனா பிளாட்பாரம் ஏன் இம்புட்டு ஒசரமா இருக்கு?"

"பிளாட்பாரம்னா உயரமாத்தானே அம்மாச்சி இருக்கும்?"

"அங்க ஏது ஒசரம்? தரையோட தரையா இருக்கும். படியில கால வெச்சுத் தொத்திக்கிட்டுத்தான் ஏறணும். எனக்கே ஒங்க தாத்தா கையக் குடுத்துத்தான் தூக்கி விடுவாரு."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் சின்னப் பையன் என்பதால் மட்டும்தான் தாத்தா தூக்கினார் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே எல்லோருமே யாராவது ஒருவர் கைகொடுத்துத்தான் ஏறியிருக்கிறார்கள்! என் ஞாபகத்திலேயே இருந்த விஷயம் எனக்குப் புரியவில்லை. இன்ஜின் நம்பர், குதிரை சக்தி எல்லாம் தேடித் தேடிப் படித்தவனுக்கு, பிளாட்பாரம் தரையோடு இருந்தது தெரியவில்லை.

அன்றைக்கு ராத்திரியே பிளேடு எடுத்து பிளாட்பாரத்தை அறுத்தேன். 8 மில்லிமீட்டர்தான். ஆனால் அதை அறுக்க அறுக்க வேறு கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. வேப்பமரம் ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் நின்றது? தாத்தா எந்தப் பெட்டியில் ஏறுவார்? சேலைக் கட்டை எங்கே வைப்பார்? விக்காத சேலையோடு திரும்பிய நாளில் அந்த ரயிலில் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? கேட்டிருக்கலாம். ஒன்பது வருஷம் லீவு விட்டார்கள். நான்தான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரயில் திரும்பி வரும் என்று தாத்தா சொன்னது சரிதான். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை வந்துவிட்டது. அதை எனக்குச் சொன்ன மனுஷர்தான் வரவில்லை. அதனால், இப்போது அம்மாச்சிக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் போடுகிறேன். மரம் இடது பக்கமாம். தாத்தா எப்பவும் கடைசிப் பெட்டியாம். "அதுலதான் கூட்டம் இருக்காது, கட்டை வெச்சுக்கிட்டுக் காலை நீட்டலாம்னு சொல்லுவாரு." ஒவ்வொரு வாரமும் லேஅவுட்டில் ஏதாவது ஒன்று இடம் மாறுகிறது. உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாச்சியோ அப்பத்தாவோ இருந்தால், இந்த வாரம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்களேன். ரயிலைப் பற்றித்தான் என்றில்லை... எதைப் பற்றியாவது!

மதுரைப் பக்கம் வந்தால் நம்ம ஸ்டேஷனை எட்டிப் பாருங்கள். தரையோடு தரையாக பிளாட்பாரம். வேப்பமரத்துக்குக் கீழே தோளில் சேலைக் கட்டோடு ஒரு மனுஷர் நிற்கிறார். 110-ல் ஒரு பங்கு என்றால் சரியாக ஒன்றரை சென்டிமீட்டர். பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் பயல் ஒருவன், ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.