மாக்கல் முட்டை

எங்கள் வீட்டில் எட்டு வெடக்கோழிகள். முதல் முட்டைக்குத் தயாராகிற வயதில் இருக்கிற பெட்டைக்கு அந்தப் பெயர். சிட்டிக்காரர்களுக்காகச் சொல்கிறேன், செங்கல்பட்டுப் பக்கம் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

மாமல்லபுரத்திலிருந்து கல்பாக்கம் போகிற வழியில், கடலைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. பின்னால் சவுக்குத் தோப்பு. வேலியோரம் பனை ஓலைக் குவியல். போன கார்த்திகையில் ஒருநாள் காலை, என் மாமியார் அந்தக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு முட்டை தேடிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். அத்தை கையை இழுத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

நல்லவேளை, கடிக்கவில்லை. தெரிந்த இருளர் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். வடநெம்மேலியில் 1978-லிருந்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமே இருக்கிறது. அவர்கள் எடுத்துக் கொடுக்கிற விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. பெரியவர் ஓலைகளைப் புரட்டினார். நல்ல பாம்பு. "எலிக்கும் வரும், முட்டைக்கும் வரும். நீங்க எடுக்கலன்னா அது எடுத்துக்கும்" என்று சிரித்தார். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

"அத்தை, இனிமே கோழிங்க நாம வைக்கிற பெட்டியிலதான் முட்டை வைக்கணும்" என்றேன்.

"அம்பது வருஷமா கோழி வளக்குறேன். கோழி சொன்ன எடத்துக்கு நான்தான் போயிருக்கேன்."

காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒருமுறை கோழி வளர்ப்புப் பயிற்சிக்குப் போயிருந்தேன். அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். ஒரு அடி அகலப் பெட்டி ஒன்று, நாலைந்து கோழிகளுக்குப் போதும். பழக்கடையில் மூன்று மரப்பெட்டிகள் வாங்கி, கொட்டகையின் இருட்டு மூலையில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வைத்து, வைக்கோல் பரப்பினேன். முதல் முட்டைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வைத்துப் பழக்கியிருக்க வேண்டும். நான் லேட்.

மறுநாள் காலை பெட்டி முழுக்க எச்சம். ராத்திரி அதில் படுத்துத் தூங்கியிருக்கின்றன! கோழி எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் அடையும். நான் கட்டியிருந்த குச்சி பெட்டியைவிடத் தாழ்வாக இருந்தது. குச்சியை உயர்த்தினேன். கடல் பக்கத்திலிருந்து மழைச்சாரல் அடித்ததால் பெட்டிகளைத் திருப்பி வைத்து, பாதி வாசலுக்குச் சாக்குத் தொங்கவிட்டேன். அப்படியும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கறுப்பி ஸ்கூட்டர் சீட்டில் முட்டை வைத்தாள்.

அப்புறம்தான் பொம்மை முட்டை ஞாபகம் வந்தது. ஏற்கெனவே முட்டை கிடந்தால், இது பத்திரமான இடம் என்று கோழி நம்பிவிடும். என் வீட்டுக்காரரின் நண்பர் மாமல்லபுரத்தில் சிற்பி. "முட்டை எந்த சைஸ்ல? வெண்ணெய் உருண்டைப் பாறை சைஸ்லயா?" என்று கிண்டல் செய்தாலும், மாக்கல்லில் மூன்று முட்டைகளை இழைத்துக் கொடுத்தார். 2017-ல் புவிசார் குறியீடு வாங்கிய கலையைக் கோழியை ஏமாற்றப் பயன்படுத்திய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆனாலும் பாதி வேலையை முடித்தது அத்தையின் விரல்தான். காலையில் கொட்டகையைத் திறக்குமுன் ஒவ்வொரு கோழியாகக் கக்கத்தில் இடுக்கி, பின்பக்கம் தொட்டுப் பார்ப்பார். "இது இன்னிக்கு வைக்கும். இது வைக்காது." அந்தக் காலத்தில் முட்டை இருக்கிற கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார்களாம். நாங்கள் அவற்றை மட்டும் கொட்டகையிலேயே நிறுத்தி, மற்றவற்றைத் திறந்துவிட்டோம். உள்ளே நிற்பவை கேறிக்கொண்டு அங்குமிங்கும் அலையும். வேறு வழியில்லாமல் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கும், வைக்கோலைக் கிளறும், மாக்கல் முட்டையை அலகால் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்காரும். முதல் இரண்டு மூன்று முட்டை எங்கே வைக்கிறதோ, அப்புறம் அந்த இடத்தைத் தேடித்தான் வரும்.

ஒரு முட்டை உருவாக இருபத்தைந்து, இருபத்தாறு மணி நேரம் ஆகும் என்று என் நோட்டில் இருந்தது. அத்தை நோட்டு இல்லாமலே சொன்னார்: "நேத்து பத்து மணிக்கு வச்சது. இன்னிக்குப் பதினொண்ணு, பன்னெண்டு ஆவும். அப்படியே தள்ளிப் போயி ஒருநாள் லீவு வுட்டுடும்."

மூன்று வாரத்தில் ஏழு கோழிகள் பழகிவிட்டன. செம்பி மட்டும் இன்றுவரை பக்கத்து வீட்டு மாட்டுத்தொட்டியில்தான் வைக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா நாலுக்கு இரண்டு திருப்பித் தருவார்.

பெட்டியிலிருந்து முட்டை எடுப்பது அத்தையின் வேலை. குனிய வேண்டாம், தேட வேண்டாம். ஒருநாள் காலை அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்தால் நான்கு முட்டை. ஒன்று அடியோடு உட்கார்ந்திருந்தது. கரண்டியால் தட்டினேன். 'டங்'!

நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. "கனமா இருந்துச்சு. வெடக்கோழி ரெட்டைக் கரு வைக்குமே, அதுன்னு நெனச்சேன்" என்றார்.

மாக்கல் முட்டை சாம்பல் நிறம். பக்கத்தில் கிடந்தவை பழுப்பு. ஆப்பரேஷன் ஆன வலது கண்ணாவது நன்றாகத் தெரிகிறது என்று இத்தனை நாள் நம்பியிருந்தோம். ஓலைக்குள் கையை விட்டுத் துழாவியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எப்போலேருந்து அத்தை?"

"ஆடியிலேருந்து. அதுக்கு ஒரு செலவு வைக்கணுமான்னு இருந்துட்டேன்."

அடுத்த வாரமே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலது கண்ணில் லென்ஸுக்குப் பின்னால் படிந்திருந்த படலத்தை லேசரில் சில நிமிடங்களில் எடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் புரை முற்றியிருந்தது. பொங்கல் முடிந்து ஆப்பரேஷன். கட்டோடு படுத்திருந்தவர் போனில் முதலில் கேட்டது, "கறுப்பியைத் தொட்டுப் பாத்தியா?"

தொட்டுப் பார்த்திருந்தேன். இருக்கிற மாதிரிதான் இருந்தது. மத்தியானம் வரை கொட்டகையிலேயே நிறுத்தி வைத்தேன், வைக்கவில்லை.

"அது நேத்து சாயங்காலம் வச்சுதுல்ல, இன்னிக்கு லீவு" என்றார். "தொறந்து வுடு, பாவம்."